பின்னளவு

ஜனவரி 7, ஞாயிறு

இன்று முதல் முறையாகக் குகைக்குள் போனேன்.

டிசம்பரில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு அம்மா இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். படிவத்தில் 'எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'சொல்ல இயலாது' என்று எழுதியிருந்தது. கடினத்தன்மை அளவுக்கு மீறி இருந்தது. அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால், 'இந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நெடுநாள் நின்றிருக்கிறது' என்று எழுதிவைத்தேன். அப்படி எழுதும் வழக்கமில்லை. மறுநாள் அவரே வந்து, எழுதியது யார் என்று கேட்டார். மேலாளர் என்னைக் கை காட்டினார். திட்டு விழும் என்று நினைத்தேன். "ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?" என்றார்.

அவர் கிளாடிஸ், திருச்சியில் பல் மருத்துவர். குகை மன்றத்தின் தலைவர். மன்றம் என்றால் இப்போதைக்கு அவரும் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் நாசர் அண்ணனும்தான். மூன்று பேருக்குக் குறைவாக உள்ளே போகக் கூடாது என்பது அவர்கள் விதி. மூன்றாவது ஆள் துபாய்க்குப் போய்விட்டதால் நான்.

விதிகள் நிறைய. இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. வௌவால்கள் குட்டி போடும் மாதங்களில் போகக் கூடாது. கல்லில் எதையும் ஒடிக்கக் கூடாது, பிஸ்கட் துணுக்கைக்கூடத் திரும்ப எடுத்துவர வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு தாளில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று எழுதி டீக்கடை அக்காவிடம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வராவிட்டால் அந்தத் தாளில் உள்ள எண்களுக்கு அவர் போன் போடுவார்.

"வீட்டு நம்பர் போடும்மா" என்றார் கிளாடிஸ். விடுதி வார்டன் எண்ணை எழுதினேன்.

குகையின் வாய், கருவேலங்காட்டுக்குள் ஒரு மாட்டு வண்டி அளவு பள்ளம். தெற்கே சுண்ணாம்புக் குவாரியின் வெள்ளை மேடு தெரிகிறது. ஞாயிறு அங்கே வேலை இல்லை, வெடியும் இல்லை. அதனால்தான் இவர்கள் ஞாயிறு மட்டும் வருகிறார்கள்.

"அவனுங்களுக்குக் கல்லுன்னா டன்னு" என்றார் நாசர் அண்ணன். "கீழ என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டான். குனிஞ்சு குத்துவான், நிமிந்து கூலி வாங்குவான்."

நான் என் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே நான் பிடித்தது அளவு நாடா. நாசர் அண்ணன் முன்னால் போய் ஒரு புள்ளியில் விளக்கைக் காட்டி நிற்பார். கிளாடிஸ் பின்னாலிருந்து காம்பஸ் வழியாக அந்த விளக்கைப் பார்த்துத் திசையைச் சொல்வார். அது முன்னளவு. பிறகு அந்தப் புள்ளிக்குப் போய்த் திரும்பி, வந்த புள்ளியைப் பார்ப்பார். அது பின்னளவு. இரண்டுக்கும் நூற்றெண்பது டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கூடக்குறைய வரும். ஐந்துக்கு மேல் போனால் ஏதோ தவறு, மறுபடி எடுக்க வேண்டும். இப்படிப் புள்ளி புள்ளியாக இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று புள்ளிகள் வந்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் திரும்பும் பேருந்து எப்போது என்று பேச்சு வந்தது. "நாலு நாப்பது" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கிளாடிஸ். போர்டில் பார்த்தேன் என்றேன்.

அந்த நிறுத்தத்தில் போர்டு கிடையாது.

ஜனவரி 8, திங்கள்

சட்டையில் ஒட்டிய சேறு மூன்று முறை துவைத்தும் போகவில்லை. வாளியின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. நான் குழாயை அடைத்துவிட்டதாக வார்டன் சொல்கிறார்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்கு ஊரில் நான்கு நாள். மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு வேலை இல்லை. துவரம் பருப்பு புடைத்தேன், ரேஷன் கார்டில் முகவரி திருத்த விண்ணப்பம் எழுதினேன். தெருவில் ஆறு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். பட்டம் வாங்கியதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் இது உண்டு.

தண்ணீர் மாதிரி எடுக்கப் போகிறேன், இருட்டான இடம், தலையில் விளக்குக் கட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பொய் என்று சொல்ல முடியாது. அப்பா பையிலிருந்து தன் விளக்கை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு.

"மெஷினுக்குக் கீழ குனிஞ்சு பாக்கக் குடுத்தாங்க. எனக்கு இன்னொண்ணு இருக்கு. பாரு." பீரோவின் கதவில் வைத்துக் கையை எடுத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "எங்க வெச்சாலும் நிக்கும்."

"பிளாஸ்டிக் ஹெல்மெட்ல நிக்காதுப்பா."

சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை செய்து கொடுத்தார். மன்றத்து விளக்கைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்.

ஜனவரி 21, ஞாயிறு

கிளாடிஸுக்குத் தோள் வலி. குறிப்பேட்டை அவர் எடுத்துக்கொண்டு காம்பஸை என்னிடம் கொடுத்தார். "லேப்ல அளந்து பழகுன பொண்ணு. கண்ணும் நல்லாருக்கு."

"விளக்கு புதுசா?" என்றார் நாசர் அண்ணன். கடையில் வாங்கினேன் என்றேன்.

இருபத்து மூன்றாம் புள்ளிக்கு அப்பால் பாதை தாழ்ந்துவிடுகிறது. மழைக்காலத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. நூற்று அறுபது மீட்டர், ஏறக்குறைய முழுவதும் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். நாசர் அண்ணன் முன்னால், நான் நடுவில், கிளாடிஸ் பின்னால். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, விளக்கும் குரலும்தான். நாசர் அண்ணனுக்கு இருமல். தாடை வரை தண்ணீரில் கிடந்தபடி இருமினார். ஒவ்வொரு இருமலும் பாறை வழியாக என் மார்புக்கு வந்தது.

முன்னளவும் பின்னளவும் சொல்லச் சொல்லக் கிளாடிஸ் எழுதிக்கொண்டார். பதினான்கு புள்ளிகள்.

கடைசியில் நாசர் அண்ணன் நின்றுவிட்டார். "எனக்கு மேல போக முடியல. சந்து. நீ ஒல்லி, பூந்து பாரு." அவரை ஒட்டிப் புகுந்து போனேன். கை நீட்டினால் எதுவும் தட்டுப்படவில்லை. எழுந்து நின்றேன்.

பெரிய அறை. எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடம் அளவு. மேலே கூரையிலிருந்து நூற்றுக்கணக்கில் கல் குழல்கள், பழச்சாறு குடிக்கும் குழல் தடிமனில், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு. ஒரு மூலையில் வௌவால்கள். எந்த விளக்கும் இதற்குமுன் இங்கே வந்ததில்லை என்பதை நின்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, "பெரிய ரூம் இருக்கு" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் கத்தியது மிகக் குறைவு. சந்தின் மண்ணைக் கையால் வாரித் தள்ளினோம். அவர்களும் வந்தார்கள்.

முதலில் நுழைந்தவர்தான் பெயர் வைக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வெளியே உட்கார்ந்து டீ குடிக்கும்போது கிளாடிஸ் குறிப்பேட்டைப் புரட்டினார். "பதினாலு புள்ளி. முன்னளவுக்கும் பின்னளவுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்ல. எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்ல. உனக்கு இருக்கறது கண்ணா, மெஷினா?"

"முதல் நாளே செஞ்சுரி" என்றார் நாசர் அண்ணன்.

சிரித்தேன். டீ ஆறிவிட்டிருந்தது.

ஜனவரி 24, புதன்

கிளாடிஸ் வரைபடம் அனுப்பியிருக்கிறார். இருபத்து மூன்றுக்குப் பிறகு பாதை நேர் கிழக்கே போகிறது. பெரிய அறை, ஆடு மேயும் பொட்டலுக்குக் கீழே விழுந்திருக்கிறது. குவாரி எல்லைக்கு வெளியே.

குவாரியை விரிவாக்கக் கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரி 27 அன்று மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பாதை தெற்கே போனால் நிறுத்தச் சொல்லலாம் என்று இவர்கள் இரண்டு வருடமாக அளந்திருக்கிறார்கள்.

"நமக்கு வேணும்னு குகை வளையாது" என்றார் கிளாடிஸ் போனில். "வந்தது வந்ததுதான். உள்ளத உள்ளபடி குடுப்போம்."

சரிங்க அக்கா என்றேன். குவாரிக்காரர்கள் யாருக்கும் வேலை போகாது என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 3, சனி

பாதி நாள் விடுப்பு. ஊருக்கு வந்துவிட்டேன். இங்கிருந்து குகை மூன்று கிலோமீட்டர். நாளை காலை அவர்கள் திருச்சியிலிருந்து வருவார்கள். நான் உறவினர் வீட்டிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார். "நேத்து ஒரு கூத்து. பன்னெண்டு அடி எறங்கிருக்கும். ராடு திடீர்னு கையை விட்டுப் போற மாதிரி தொபுக்குனு எறங்குது. காத்து எல்லாம் கீழயே போவுது. துளைல இருந்து தூசியே மேல வரல."

அப்பா குவாரியில் துளை போடுபவர். வெடி வைப்பதற்கான துளை. இருபத்திரண்டு வருடமாக.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறமென்ன. மேஸ்திரி மண்ணு சாக்க வெச்சு அடைச்சுட்டுத் தள்ளிப் போடுன்னாரு. தள்ளிப் போட்டேன்."

அம்மா எனக்கு இரண்டாவது முறை சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பெரிய அறையின் நடுவில், தரையில், வெள்ளைப் பொடி குவிந்திருந்தது. மாவு மில்லில் கொட்டிய மாதிரி. சுற்றிலும் கல் குழல்கள் உடைந்து கிடந்தன. கிளாடிஸ் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கு நேர் மேலே கூரையில் ஓர் ஓட்டை. நான்கு அங்குலம். சுத்தமான வட்டம்.

"மேல ஆடு மேயிற எடம்ல?" என்றார் நாசர் அண்ணன். "யாராச்சும் போர் போட்டிருப்பான்."

"போர் போட்டா குழாய் எறக்கியிருப்பாங்க. அந்தப் பொட்டல்ல யாரு போர் போடறது?"

"ஆட்டுக்குத் தண்ணி காட்டத்தான்."

"பாய், சும்மா இருங்க."

அந்தப் பொடியைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பொடி. தினமும் மாலையில் எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கும் சட்டையில் இருப்பது. அம்மா அதை முதலில் உதறிவிட்டுத்தான் நனைப்பாள், நனைத்தால் பிடித்துக்கொள்ளும்.

காம்பஸைப் பழகிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

மதிய இடைவேளையில், கூடத்துக்குப் பின்னால், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காம்பஸைக் கண்ணருகில் பிடித்தேன். கிழக்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். எண்ணைக் குறித்தேன். நெற்றியிலிருந்து விளக்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

பதினெட்டு டிகிரி வித்தியாசம்.

வடக்கே பார்த்தால் வித்தியாசமே இல்லை. தெற்கேயும் இல்லை. கிழக்கும் மேற்கும் பார்க்கும்போதுதான் விளக்கின் பின்னாலிருக்கும் காந்தம் முள்ளைப் பக்கவாட்டில் இழுக்கிறது. கிழக்கே ஒரு பக்கம், மேற்கே மறு பக்கம். நான் ஊர்ந்த பாதை முழுவதும் கிழக்கே போனது.

பதினான்கு புள்ளிகளையும் திருத்திப் போட்டுப் பார்த்தேன். நூற்று அறுபது மீட்டரில் பெரிய அறை ஐம்பது மீட்டர் தெற்கே நகர்ந்துவிடுகிறது. பொட்டலில் இல்லை. குவாரிக்குள் இருக்கிறது. பாறையைப் படி படியாக வெட்டியிருப்பார்களே, பெஞ்சு என்பார்கள், அதில் வடக்குப் பெஞ்சுக்கு நேர் கீழே.

பின்னளவு எடுத்திருந்தால் முதல் புள்ளியிலேயே முப்பத்தாறு டிகிரி உதைத்திருக்கும். அதற்காகத்தான் பின்னளவு என்ற ஒன்றே இருக்கிறது.

எடுக்கவில்லை. ஒன்றுகூட எடுக்கவில்லை. முன்னளவோடு நூற்றெண்பது கூட்டிச் சொன்னேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கூடத்தில் நாற்பத்திரண்டு பாட்டில்கள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, புதன்

மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். வழக்கமாக ஞாயிறுதான் செய்வேன்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன். அந்த ராடு எறங்குன எடம் எங்க? வடக்குப் பெஞ்சா?"

"ஆமா. ஏன்?"

"இன்னும் அங்கதான் வேலையா?"

"இந்த வாரம் பூரா அங்கதான். திங்கக்கெழம பொக்லைன ஏத்துறாங்க. அள்ளி முடிச்சா செவ்வாக்கெழம வெடி."

பொக்லைன் இருபது டன். பன்னிரண்டு அடிப் பாறை. அதற்குக் கீழே கருத்தரங்கக் கூடம் அளவு வெற்றிடம். பொக்லைனுக்குப் பக்கத்தில் துளை மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் அப்பா.

சொன்னேன். தண்ணீர் மாதிரி என்று சொன்னது என்ன என்பதையும், யாரோடு போகிறேன் என்பதையும், உடைந்த குழல்களையும் வெள்ளைப் பொடியையும், அவர் தந்த விளக்கின் காந்தம் முள்ளை இழுத்ததையும்.

போனில் பின்னால் அம்மா யாருடனோ பேசுவது கேட்டது.

"நீ அதுக்குள்ள நின்னியா?"

"நின்னேன்பா."

"நான் போட்ட ஓட்டைக்குக் கீழ."

"ஆமா."

"மேஸ்திரிகிட்டச் சொன்னா நம்ப மாட்டாரு. சின்னப் பொந்துன்னுவாரு. எவன் சொன்னான்னு கேப்பாரு." பிறகு, "எத்தினி ஒசரம் அந்த ரூமு?" என்றார்.

"இருபது அடி இருக்கும்."

"ஞாயித்துக்கெழம லீவு. வாட்ச்மேன் நம்மாளு. சாக்க எடுத்துட்டுத் தூக்குக் குண்டு விடுறேன். நீ கீழ இருந்தா புடி. கயித்துல முடிச்சு போட்டுக் கொண்டுபோயிக் காட்டுனா எவனும் இல்லன்னு சொல்ல முடியாது."

கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக் குண்டு. எங்கள் வீடு கட்டியபோது மிச்சமானது பரணில் இருக்கிறது.

"நீ விளக்கு எதுவும் ஒட்டிக்காம வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிப்ரவரி 8, வியாழன்

வேலை முடிந்து கிளாடிஸ் அக்காவின் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் பதினொன்று கொடுத்தார்கள். பல்வலி இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருந்தேன். முறை வந்து உள்ளே போனதும் வேறு நாற்காலி இல்லை. பல் பிடுங்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

"நீயா. எந்தப் பல்லு?"

"பல்லு இல்லக்கா. பின்னளவு."

முகக்கவசத்தை இறக்கினார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"ஏன் எடுக்கல?"

"அந்தச் சந்துல நான் உடம்பத் திருப்பணும்னா அஞ்சு நிமிஷம் ஆவும். அது வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தண்ணில கெடக்கணும். நாசர் அண்ணன் இருமிக்கிட்டே இருந்தாரு. இருங்கன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"கூச்சத்துக்கு நூத்தி எண்பது கூட்டுனியா."

தலைக்கு மேலிருந்த விளக்கில் கண் கூசியது. அவர் அதை அணைத்தார்.

"நான் குனிஞ்சு எழுதிட்டே இருந்தேன். நீ திரும்பினியான்னு ஒரு தடவ நிமிந்து பாக்கல. நூறு வருஷம் அளந்தாலும் பதினாலும் பூஜ்யமா வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னை மெச்சினேன். அது என் தப்பு." பிறகு, "அந்த விளக்கு எந்தக் கடை?" என்றார்.

"கடையில்ல. அப்பாவோடது."

"அப்பா என்ன பண்றாங்க?"

"அந்த ஓட்டையப் போட்டது அவருதான்."

வெளியே டோக்கன் பன்னிரண்டைக் கூப்பிட்டார்கள். கிளாடிஸ் கதவைத் திறந்து பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு வந்தார். நாசர் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஞாயிறு அப்பா தூக்குக் குண்டு விடப் போவது வரை அவர் முழுதும் கேட்டார். கடையில் ஏதோ மோட்டார் ஓடி நின்ற சத்தம் வந்தது.

"இருபது வருசமா காந்தத்த வெச்சுப் பொழைக்கிறேன்" என்றார் கடைசியில். "என் மூஞ்சிக்கு நேரா காந்தத்தக் கட்டிக்கிட்டு வந்திருக்கு, விளக்கு புதுசான்னு கேட்டிருக்கேன்." பிறகு, "அருளு, அன்னிக்குக் குவாரிக்காரங்களப் பத்தி நான் என்னமோ சொன்னேன்ல" என்றார்.

"பரவால்லண்ணே."

"பரவால்லன்னு சொல்லாத. சொல்லித்தான் இப்படி ஆச்சு."

பிப்ரவரி 11, ஞாயிறு

டீக்கடைத் தாளில் அப்பாவின் எண்ணை எழுதினேன்.

"அவரு மேல குவாரில இருப்பாரே. டவர் கெடைக்காதே, எப்படிச் சொல்றது?" என்றார் கிளாடிஸ்.

"ஓட்டை வழியா" என்றார் நாசர் அண்ணன்.

மன்றத்து மங்கலான விளக்கோடு போனேன். போகிற வழியில் பதினான்கு புள்ளிகளையும் மறுபடி அளந்தோம். ஒவ்வொரு புள்ளியிலும், "இருங்க, திரும்பணும்" என்றேன். முதல் முறை குரல் வரவில்லை, இரண்டாம் முறை சொன்னேன். நாசர் அண்ணன் இருமினார். திரும்பினேன். முழங்கை இரண்டிலும் தோல் போய்விட்டது. கடைசிப் புள்ளியை முடித்தபோது பத்து ஐம்பது.

பதினோரு மணி என்று பேச்சு. அறைக்குள் ஒருவரும் ஓட்டைக்கு நேரே நிற்காமல் சுவரோரம் நின்றோம். பதினொன்றேகால் ஆனது. வௌவால்கள் ஒருமுறை அசைந்து அடங்கின.

"கண்டுபுடிக்க முடியலியோ" என்றார் கிளாடிஸ்.

"அவரு போட்ட ஓட்டை அவருக்குத் தெரியாதா" என்றார் நாசர் அண்ணன்.

பதினொன்று இருபத்தைந்துக்கு மண் கொட்டியது. பிறகு சாக்கின் ஒரு துண்டு. பிறகு, மேலிருந்து தரை வரைக்கும், ஒரு கம்பி நட்டதுபோல வெளிச்சம். நான்கு அங்குலத்தில் இவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியாது. பொடி அதற்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"அருளு."

பாறைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

"இருக்கேன்பா."

"தள்ளி நில்லு. குண்டு வருது."

பித்தளைக் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆடாமல் இருக்க அவர் இடையிடையே நிறுத்தியது தெரிந்தது. கூரையிலிருந்து வெளிப்பட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னேன். "முடிச்சு" என்று மேலே குரல். மறுபடி இறங்கியது. நான் போய்க் கையில் பிடித்தேன். தரையில் தொடவைத்தேன்.

"தொட்டுருச்சு."

"முடிச்சு."

கிளாடிஸ் முன்னால் வந்து மேலே பார்த்தார். "ஐயா, வணக்கம். நான் கிளாடிஸ்."

"வணக்கம்மா. புள்ள சொல்லிச்சு."

"ஐயா, நாந்தான் நாசர். தண்ணில கெடந்து இருமுன ஆளு. எனக்குப் பாவம் பாத்துத்தான் உங்க பொண்ணு மேப்புல உங்கள ஆடு மேய்க்க அனுப்பிருச்சு."

மேலே சிரிப்புச் சத்தம். அப்பா சத்தமாகச் சிரிப்பவர் அல்ல. அந்த ஓட்டை பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம்.

"உள்ள எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"கூரைல இருந்து கல்லு குழல் குழலாத் தொங்குதுப்பா. நுனியில தண்ணி நிக்குது. வௌவால் இருக்கு. குளுந்து இருக்கு."

"நான் ஒடச்சது நெறையவா?"

"கொஞ்சந்தான்பா. நடுவுல மட்டும்."

"ம்" என்றார். குண்டு மேலே போனது.

பிப்ரவரி 12, திங்கள்

அப்பா கயிற்றை மேஸ்திரியிடம் காட்டினார். பன்னிரண்டு அடிக்கு ஒரு முடிச்சு, அதிலிருந்து இருபத்தோரு அடிக்கு ஒரு முடிச்சு. மேஸ்திரி மேனேஜருக்குச் சொன்னார். பொக்லைன் மேலே ஏறவில்லை. யாரும் போகாதபடி வடக்குப் பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள்.

லீவு நாளில் உள்ளே போனது யார் அனுமதியில் என்று மேனேஜர் கேட்டாராம். வாட்ச்மேன் தூங்கிவிட்டார், தான் ஏறிக் குதித்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். கூப்பிட்டு அனுப்பும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்பா வீட்டில் இருக்கிறார். கோழிக்கூண்டுக்குக் கதவு போட்டார். துளை போடும் மற்ற மூன்று பேரும் தெற்குப் பெஞ்சில் வேலைக்குப் போகிறார்கள்.

அம்மா பாத்திரம் கழுவும்போது முதுகைத் திருப்பியபடி, "பொம்பளப் புள்ளையப் படிக்க வெச்சது பொந்துல பூருறதுக்கா" என்றாள்.

"பொக்லைன் விழுந்திருந்தா நான் அதுக்கு அடில" என்றார் அப்பா.

"விழுந்தா பாத்துக்கிட்டிருக்கலாம். இப்ப என்ன பண்றது?"

அப்பா எழுந்து கோழிக்கூண்டுக்குப் போனார்.

பிப்ரவரி 21, புதன்

கூப்பிட்டு அனுப்பவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

திருத்திய வரைபடம் தயார். அச்செடுத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். வாசலில் வெளிச்சம் பார்த்து அப்பா அதை விரித்தார். அம்மா உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

எது எங்கே என்று காட்டினேன். இது குகை வாய். இது நீ மெஷின் நிறுத்தும் இடம். இந்தக் கோடு குவாரி எல்லை. இது பெரிய அறை. அதன் நடுவில் ஒரு சிறு வட்டம், பக்கத்தில் '12 அடி பாறை'.

"பேரு போடலியா ரூமுக்கு?"

"இன்னும் யோசிக்கலப்பா."

ஓரத்தில் அளவுகளின் பட்டியல் இருந்தது. பதினான்கு வரிகள், முன்னளவு, பின்னளவு, வித்தியாசம். வித்தியாசம் என்ற பத்தியில் ஒன்று, இரண்டு, பூஜ்யம், ஒன்று, மூன்று என்று இருந்தது. அதைக் காட்டி ஏன் தப்புத் தப்பாக இருக்கிறது என்று கேட்டார். நிஜமாக அளந்தால் அப்படித்தான் வரும் என்றேன். ஒத்துக்கொண்டதுபோலத் தலையாட்டினார். துளையும் அப்படித்தானாம், எவ்வளவு நேராகப் பிடித்தாலும் அரை அங்குலம் சாயும்.

எங்கள் மன்றத்தில் வரைபடத்தின் அடியில் யார் எதைப் பிடித்தார்கள் என்று எழுதுவது வழக்கம். அப்பா அங்கே விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். நாடா: மு. நாசர். காம்பஸ்: க. அருள்மொழி. குறிப்பேடு, வரைவு: கிளாடிஸ் தேவசகாயம். மேலிருந்து அளந்தவர்: ஒரு தொழிலாளி.

விரல் அங்கேயே நின்றது.

"இதாரு?"

"நீதான்பா. செவ்வாக்கெழம மீட்டிங்குல எல்லாரும் இதப் பாப்பாங்க. கம்பெனி ஆளுங்களும் வருவாங்க. பேரு இருந்தா திரும்பக் கூப்பிட மாட்டாங்க. கிளாடிஸ் அக்காகிட்ட நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

"நாசருக்கு மொதலெழுத்தோட போட்டிருக்கு."

"அவரு வேற."

"முடிச்சு போட்டது நான். அவரு கீழ நின்னாரு."

உள்ளே புளி கரைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"இன்னொருத்தன் அங்க மெஷின ஏத்தும்போது இதப் பாத்துட்டு, எவனோ ஒரு தொழிலாளின்னா நம்புவானா?" என்றார். "பேரு இருந்தா வந்து கேப்பான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்து, வரைபடத்தை நின்றபடியே பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எது அந்த ரூமு?" என்றாள். அப்பா காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பென்சிலால் அடித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன். மேலிருந்து அளந்தவர்: ச. கலியமூர்த்தி. அப்பா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முதலெழுத்து சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தார்.

கிளாடிஸ் அக்காவுக்குப் போன் செய்து மாற்றச் சொன்னேன். செவ்வாய் பத்தரைக்குக் கூட்டம். இங்கிருந்து முதல் பேருந்து ஏழு ஐந்துக்கு. செவ்வாய்க்குப் புளிசாதம் மூன்று பேருக்கா நாலு பேருக்கா என்று உள்ளிருந்து அம்மா கேட்டாள்.

"யாரு நாலாவது?" என்றார் அப்பா.

"அந்த இருமுற மனுசன்."

கிளாடிஸ் அக்காவையும் சேர்த்து ஐந்து பேருக்கு என்று சொன்னேன்.